முதல் வெள்ளி நன்மை

கறுப்பு ஒரு வரி, வெள்ளை ஒரு வரி, மறுபடியும் கறுப்பு, மறுபடியும் வெள்ளை. தரையிலிருந்து கூரை வரைக்கும் தூணுக்குத் தூண் இப்படியே கல்லை அடுக்கி வைத்திருக்கிறார்கள். கேமரா என்று ஒன்று வருவதற்கு ஐந்நூறு வருஷத்துக்கு முன்பே கேமராக்காரன்மேல் இவர்களுக்கு அப்படி என்ன காட்டமோ தெரியவில்லை. வெள்ளைக்கு வெளிச்சத்தை அளந்தால் கறுப்பு குழியாகிவிடுகிறது, கறுப்புக்கு அளந்தால் வெள்ளை தீய்ந்துபோகிறது, நடுவில் வைத்தால் இரண்டும் சாம்பல். சாம்பலானால் ஆகட்டும், எடு, எடுத்துக்கொண்டே இரு, தஸ்நேவிஸ். முப்பது வருஷமாகத் தூத்துக்குடியில் கல்யாணமும் திருவிழாவும் எடுத்துக் கிடந்த உன்னை யார் இத்தாலிக்குக் கூப்பிட்டது. ஃபாதர் தனிஸ்லாஸ் கூப்பிட்டார். திருப்பயணத்துக்கு நாற்பத்திரண்டு பேர், நாற்பத்தொரு பேர் செபிக்க, ஒருத்தன் அவர்கள் செபிப்பதைப் படம் எடுக்க. ரோமிலிருந்து காலையில் பஸ் ஏறி இந்த மலையூருக்கு வந்திருக்கிறோம். ஓர்வியெட்டோ என்று பெயர், மெட்டில்டா டீச்சர் வாயில் அது இன்னும் சரியாக விழவில்லை, பஸ்ஸில் வழி முழுக்க ஓட்டை வீடு ஓட்டை வீடு என்று சொல்லிக்கொண்டு வந்தார். பன்னிரண்டரைக்கு எல்லோரும் வாசற்படியில் இருக்க வேண்டும் என்று ஃபாதர் சொல்லியிருக்கிறார். இப்போது பதினொன்று. அப்படியென்றால் வீட்டில் இரண்டரை. வீட்டு நேரத்தைக் கணக்குப் பார்க்காதே என்று காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன், மனசு பாட்டுக்குக் கூட்டிக்கொள்கிறது. இரண்டரைக்கு எங்கள் தெருவில் ஒரு குருவி இருக்காது, கரண்ட் போயிருக்கும், என் பெண்டாட்டி அமலி படுத்திருக்கிற அறையில் ஃபேன் நின்றிருக்கும், யாராவது விசிற வேண்டும், அவள் தங்கச்சி எஸ்கலின் விசிறிக்கொண்டிருப்பாள். ஜன்னலை விட்டுவிடாதீர்கள் நேவிஸ் என்று ஃபாதர் கையைக் காட்டிவிட்டுப் போகிறார். ஜன்னலில் கண்ணாடி இல்லை. ஏதோ ஒரு கல்லை அப்பளம்போல மெல்லிசாக அறுத்துப் பதித்திருக்கிறார்கள், வெயில் அந்தக் கல்லுக்குள் புகுந்து கருப்பட்டிப் பாகு நிறத்தில் இந்தப் பக்கம் இறங்குகிறது. இந்த வெளிச்சத்தில் யாரை நிறுத்தினாலும் ஆரோக்கியமாகத் தெரிவார்கள். மஞ்சள் பாய்ந்த தோலுக்கு மஞ்சள் வெளிச்சம் நல்லது, இரண்டும் ஒன்றோடொன்று கரைந்துவிடும், ஒருத்தருக்கும் தெரியாது. இதையெல்லாம் நான் இப்போது எதற்கு நினைக்கிறேன்.

ஒரு தடவை, ஒரே ஒரு தடவை கேட்டுவிட்டுப் போனை உள்ளே வைத்துவிடலாம். எனக்கு இங்கே சிம் கிடையாது, லாட்ஜ் வைஃபையில் வருவதுதான், காலையில் காப்பி குடிக்கும்போது வந்து இறங்கியது, பதினான்கு விநாடி, எஸ்கலினுடைய குரல். இதோ பெஞ்சில் உட்கார்ந்து காதில் வைக்கிறேன், பார்க்கிறவர்களுக்குச் செபம் கேட்கிறவன்போல இருக்கும். “அத்தான், சாமியார் வந்து அக்காவுக்கு… நன்மை குடுத்துட்டுப் போனாவ. நீங்க வேலையப் பாருங்க. சாப்பிட்டீயளா. சரி, வைக்கேன்.” அவ்வளவுதான். இதில் என்ன இருக்கிறது. கோயிலில் பூசையில் கொடுக்கிற அப்பத்தை நாங்கள் நன்மை என்போம். சின்னப் பிள்ளைகள் முதன்முதலாக வாங்கினால் புதுநன்மை, வெள்ளை கவுனும் தலையில் பூமுடியுமாக என் ஸ்டுடியோவில் அவர்களை வரிசையாக நிறுத்தி எடுத்திருக்கிறேன், அந்த மாதம் முழுக்கச் சாப்பிட நேரமிருக்காது. படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை பங்குச் சாமியாரே வீட்டுக்கு வந்து கொடுத்துவிட்டுப் போவார், அது முதல் வெள்ளி நன்மை. டிசம்பரிலிருந்து மாதம் தவறாமல் அமலிக்கு வருகிறது. ஸ்டூல்மேல் வெள்ளைத் துணி, ஒரு மெழுகுதிரி, ஒரு டம்ளர் தண்ணீர், முந்தின நாளே எஸ்கலின் எடுத்துவைத்துவிடுவாள். நான் அந்த நேரம் பார்த்து ஸ்டுடியோவில் இருப்பேன், வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும். இது மே மாதம், மாதம் பிறந்து நாலைந்து நாள் ஆகிறது, ஆகவே முதல் வெள்ளி, ஆகவே சாமியார் வந்தார், நன்மை கொடுத்தார், போனார். இன்னொன்றும் இருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. சாகக் கிடக்கிறவர்களுக்கு எண்ணெய் பூசிவிட்டுக் கடைசியாகக் கொடுப்பது. இப்போது புத்தகத்திலெல்லாம் நோயில் பூசுதல் என்று மாற்றிவிட்டார்கள், ஆனால் எங்கள் பக்கத்தில் யாரும் அதை வாயில் வைப்பதில்லை, அவஸ்தை என்றுதான் சொல்வார்கள், அவஸ்தை பூசியாச்சு, அவஸ்தை நன்மை குடுத்தாச்சு என்று தெருவில் ஒருத்தர் சொன்னால் சவப்பெட்டி செய்கிற ஆசாரி எழுந்து வேட்டியைக் கட்டுவார். அதுவாக இருந்தால் எஸ்கலின் அவஸ்தை என்று சொல்லியிருப்பாளே. சொல்லவில்லையே. நன்மை என்றுதானே சொன்னாள்.

ஆனால் அக்காவுக்கு என்று சொன்ன பிறகு ஒரு மூச்சு நேரம் நிற்கிறாள். அக்காவுக்கு, ஒரு இடைவெளி, பிறகுதான் நன்மை. அந்த இடத்தில் எச்சில் விழுங்கியிருக்கலாம். எஸ்கலின் சும்மாவே இழுத்து இழுத்துப் பேசுகிறவள்தான், கொழுந்தியா ஒரு வாக்கியம் முடிப்பதற்குள் நான் ஒரு ரோல் ஃபிலிம் மாற்றிவிடுவேன் என்று கல்யாணமான புதிதில் கேலி பண்ணியிருக்கிறேன், அமலி அதற்கு என்னைக் கிள்ளினாள். ஆகவே அது சும்மா இழுப்புதான். பத்தாவது விநாடியில் பின்னால் ஒரு சத்தம் கேட்கிறது, பிளாஸ்டிக் நாற்காலியைத் தரையில் இழுக்கிற சத்தம், அது ஏன். வீட்டில் இருப்பது இரண்டு நாற்காலி, அவை எப்போதும் கட்டில் பக்கத்திலேயே கிடக்கும், இழுக்கிற வேலை இல்லை. நாற்காலியை இழுத்துப் போடுகிறார்கள் என்றால் ஆள் வந்திருக்கிறது. சாமியார் உட்காரப் போட்டிருப்பார்கள். சாமியார்தான் போய்விட்டாரே, நன்மை குடுத்துட்டுப் போனாவ என்றுதானே சொல்கிறாள், போன சாமியாருக்கு எதற்கு நாற்காலி. ஒன்று இழுக்கிற சத்தமா, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியதைப் பிரிக்கிற சத்தமா. பிரிக்கிற சத்தம் எனக்கு நன்றாகத் தெரியும், பந்தல் வீடுகளில் எத்தனை தடவை கேட்டிருக்கிறேன், சக்கென்று ஒட்டிக்கொண்டு வரும். மறுபடியும் காதில் வைக்கிறேன். இழுக்கிறதுதான். கேட்கக் கேட்க இழுக்கிறது மாதிரியும் இருக்கிறது, பிரிக்கிறது மாதிரியும் இருக்கிறது. பக்கத்து பெஞ்சில் ஒரு வெள்ளைக்காரக் கிழவர் என்னையே பார்க்கிறார். நான் தலையாட்டினேன், அவரும் ஆட்டினார். எழுந்திரு, வேலையைப் பார், வேலையைப் பாருங்க என்றுதானே அவளே சொல்லியிருக்கிறாள். ஒருத்தன் பெண்டாட்டி சாகக் கிடக்கும்போது வேலையைப் பாருங்கள் என்று எவளாவது சொல்வாளா. சொல்ல மாட்டாள். இந்த நியாயம் போதும், இதைப் பிடித்துக்கொண்டு பன்னிரண்டரை வரைக்கும் ஓட்டிவிடலாம்.

வலது பக்கத்துச் சிற்றாலயத்துக்குள் வருகிறேன். இங்கே ஃப்ளாஷ் கூடாது, வாசலில் நிற்கிற காவல்காரம்மா என் கேமராவைப் பார்த்ததும் விரலை ஆட்டிவிட்டாள், நானும் விரலை ஆட்டிச் சரியென்றேன், பாஷை தெரியாத ஊரில் விரல்தான் வாய். சுவர் முழுக்க ஓவியம். கடைசித் தீர்வை நாள். மேலே இரண்டு சம்மனசுகள், சிறகு வைத்த தேவதூதர்கள், மலைபோல உடம்பு, நீளமான எக்காளத்தை ஊதுகிறார்கள். கீழே வெள்ளை வெளேரென்ற தரை, அதைப் பிளந்துகொண்டு செத்தவர்கள் வெளியே வருகிறார்கள். தண்ணீரில் கிடந்தவன் வள்ளத்தில் ஏறுகிற மாதிரி இரண்டு கையையும் விளிம்பில் ஊன்றி உந்துகிறான் ஒருத்தன், இடுப்புவரை வந்துவிட்டான், மீதி இன்னும் மண்ணுக்குள். சிலருக்குச் சதை வந்துவிட்டது, சிலர் இன்னும் வெறும் எலும்பாகவே நின்று இளிக்கிறார்கள், தன் முறை எப்போது வரும் என்று காத்திருப்பவர்கள்போல. எல்லோருக்கும் நல்ல முறுக்கேறிய தேகம். நோயில் செத்தவன் ஒருத்தன்கூட இங்கே எழுந்திருக்கவில்லை. வயிறு வீங்கி, கை கால் குச்சியாகி, கன்னம் உள்ளே போய்ச் செத்த ஒருத்தி எழுந்து வந்தால் எப்படி இருப்பாள் என்று இவன் யோசித்தானா. லென்ஸை மாற்றுகிறேன், மூடி கீழே விழுந்து உருண்டு ஒரு ஜப்பான்காரி காலடியில் போய் நிற்கிறது, எடுத்துக் கொடுத்தாள். இந்தச் சுவரை எடுப்பது கஷ்டம், கீழேயிருந்து எடுத்தால் எல்லோருக்கும் மூக்கு ஓட்டைதான் பெரிதாகத் தெரியும். கீழேயிருந்து எடுக்கவே கூடாது. பெட்டிப்படம், அதாவது செத்தவரைப் பெட்டியில் வைத்து எடுக்கிற படம், அதை எடுக்கப் பழகுகிற எல்லோரும் செய்கிற முதல் தப்பு அதுதான், கால் பக்கம் நின்று எடுப்பார்கள், மூக்கு ஓட்டையும் மோவாயும்தான் விழும், குடும்பத்தார் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்துவிடுவார்கள். பக்கவாட்டில், நெஞ்சு உயரத்தில் நிற்க வேண்டும். தலைக்கு இரண்டாவது தலையணை வைக்க வேண்டும், அப்போதுதான் முகம் கேமராவுக்கு எழும். கன்னம் ஒடுங்கியிருந்தால் உள்ளே கொஞ்சம் பஞ்சு. ஜெபமாலை விரலைச் சுற்றி இரண்டு சுற்று, மூன்று சுற்றினால் கட்டிப்போட்டதுபோல இருக்கும். முப்பது வருஷத்தில் இப்படி ஊரில் பாதிப் பேரை எடுத்தாகிவிட்டது. அதில் எனக்கு அருவருப்பு ஒன்றும் கிடையாது, அதுவும் ஒரு வேலை, கல்யாணத்தில் சிரிக்கச் சொல்கிறோம், இங்கே சொல்வதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் மார்ச் மாதம் ஒரு மத்தியானம், அமலி தூங்கிக்கொண்டிருந்தாள், நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன், ஜன்னல் வெளிச்சம் இடது பக்கமாக வந்து அவள் நெற்றியில் விழுந்துகொண்டிருந்தது, அப்போது என் மனசு சொன்னது, இன்னொரு தலையணை வேண்டும். உயிரோடு இருக்கிறவளைப் பார்த்து. மூச்சு ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறது, போர்வை அசைகிறது, என் பெண்டாட்டி, இருபத்தாறு வருஷம், நான் இன்னொரு தலையணை வேண்டும் என்று நினைக்கிறேன். நினைத்ததோடு நிற்கவில்லை, ஒரு அடி வலப்பக்கம் நகர்ந்தேன், கோணத்துக்காக. கால் தானாக நகர்ந்தது. அன்று சாயங்காலமே ஃபாதர் தனிஸ்லாஸைப் பார்த்து நான் வருகிறேன் ஃபாதர் என்று சொன்னேன். அவர் இரண்டு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தார், நான் முடியாது ஃபாதர் வீட்டில் இப்படி என்று தள்ளிக்கொண்டிருந்தேன். ஓடி வந்தேன். இதற்கு வேறு பெயர் கிடையாது, திருப்பயணம் என்று டீச்சர்மார் சொல்லலாம், நான் ஓடி வந்தவன்.

அவளிடம் எப்படிச் சொன்னேன். பெரிய ஆஸ்பத்திரியில் இனிமேல் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லியனுப்பி ஒரு மாதம் ஆகியிருந்தது. கட்டில் கால்மாட்டில் நின்றுகொண்டு, சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டு, ஃபாதர் ரொம்பக் கட்டாயப்படுத்துகிறார் என்றேன், பச்சைப் பொய். பதினோரு நாள்தான் என்றேன், அது மட்டும் உண்மை. அமலி என் முகத்தைப் பார்த்தாள். அமலோற்பவம் என்பது முழுப்பெயர், மாதாவின் பெயர், ஆனால் மாதாவுக்கு இவ்வளவு கூர்மையான கண் இருந்திருக்காது. “போயிட்டு வாங்க,” என்றாள். “இங்க இருந்து என்ன பண்ணப் போறீய. ஃபேனப் பாத்துக்கிட்டு இருப்பீய.” நான் சிரித்தேன். நான் அப்படித்தான் இருந்தேன், அவள் பக்கத்தில் உட்கார்ந்தால் எனக்கு அவளைப் பார்க்க முடியாது, மேலே சுற்றுகிற ஃபேனைப் பார்த்துக்கொண்டு ஏதாவது பேசுவேன். அவள் கவனித்திருக்கிறாள், எல்லாவற்றையும் கவனித்திருக்கிறாள், அன்றைக்குத் தூங்கிக்கொண்டிருந்தாளா, கண்ணை மூடிக்கொண்டிருந்தாளா, யாருக்குத் தெரியும். பிள்ளைகள் இருந்தால் அவர்களாவது பக்கத்தில் இருப்பார்கள், எங்களுக்கு இல்லை, எஸ்கலின்தான் தன் வீட்டை விட்டுவிட்டு வந்து கிடக்கிறாள். கிளம்புகிற அன்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு கட்டில் பக்கம் போனேன், நெற்றியில் சிலுவை போட்டுவிட்டாள், கட்டைவிரல் காய்ந்து சொரசொரவென்று இருந்தது. போற எடத்துல சாப்பாடு ஒத்துக்கிடாது, பழம் வாங்கித் தின்னுங்க என்றாள். வாங்கித் தின்கிறேன். நேற்றுகூடத் தின்றேன். எழுபது கிலோ எடையில் திரும்பிப்போய் அவள் முன்னால் நிற்பேன். நாலு நாள் இருக்கிறது, திங்கட்கிழமை வீட்டில் இருப்பேன், நாலு நாள் தாங்கமாட்டாளா, இத்தனை மாதம் தாங்கியவள். அவள் தாங்க வேண்டும் என்று எனக்கு ஆசையா, நான் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்து, பெட்டியில் வைத்து, வேறு யாரோ ஒருவன் படமும் எடுத்து முடித்திருக்க வேண்டும் என்று ஆசையா. இந்தக் கேள்வியைக் கோயிலுக்குள் வைத்துக் கேட்கக் கூடாது. வெளியே போனால் கேட்பேனா. மாட்டேன். எலும்புக்கூடு ஒன்று என்னைப் பார்த்து இளிக்கிறது, அதையும் எடுத்துக்கொண்டேன், நல்ல கூர்மையாக வந்திருக்கிறது.

எதிர்ப்பக்கத்துச் சிற்றாலயத்தில் நம் ஆட்கள் முழங்கால் போட்டிருக்கிறார்கள், சேலை நிறங்கள் தூரத்திலிருந்தே தெரிகின்றன. நடுக்கூடத்தைக் குறுக்காகக் கடந்து அங்கே போகிறேன். இங்கே ஒரு துணியைக் காட்டுகிறார்கள். ஃபாதர் தணிந்த குரலில் கதை சொல்லிக்கொண்டிருக்கிறார், எழுநூறு வருஷத்துக்கும் முந்தின கதை. ஒரு குருவானவருக்குச் சந்தேகம், இந்த அப்பம் நிஜமாகவே ஆண்டவருடைய சரீரம்தானா என்று. பூசை வைக்கும்போது அப்பத்தைப் பிட்டார், இரத்தம் சொட்டியது, பீடத்தில் விரித்திருந்த துணியெல்லாம் கறையானது, அந்தத் துணிதான் இது. “சந்தேகப்பட்டவர் கையிலதான் ஆண்டவர் இரத்தம் சிந்தினார், விசுவாசிச்சவங்க கையில இல்ல, கவனிங்க,” என்கிறார் ஃபாதர். கவனித்தேன். நான் சந்தேகத்தைக்கூட வர விடவில்லையே ஃபாதர், காலையிலிருந்து அதைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறேனே, என் கையில் என்ன சிந்தும். முழங்கால் போட்டிருக்கிறவர்களைப் பின்னாலிருந்து ஒன்று, பக்கவாட்டில் இரண்டு. மெட்டில்டா டீச்சரின் நரைத்த கொண்டை நன்றாக வருகிறது. எழுந்திருக்கும்போது டீச்சருக்கு முட்டி பிடித்துக்கொண்டது, கையைக் கொடுத்தேன், என் கையைப் பிடித்துக்கொண்டே நின்றார். “தம்பி, வீட்டுல எப்படி இருக்கா,” என்றார். அமலியைப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவர், எட்டாம் வகுப்பில். “இருக்கா டீச்சர். இன்னைக்குக் காலையில சாமியார் வந்து நன்மை குடுத்திருக்காவ,” என்றேன். வாயிலிருந்து சாதாரணமாகத்தான் வந்தது, வெயில் அடிக்கிறது என்று சொல்கிற மாதிரி. டீச்சர் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, “நல்லது. நாளைக்கு முதல் வெள்ளிக்குந்தான் திரும்ப வருவாவல்லா. நமக்கும் நாளைக்கு அசிசியில முதல் வெள்ளிப் பூசை, ஃபாதர் சொன்னாவ, ஒம் பொண்டாட்டிக்கு ஒப்புக்குடுக்கேன்,” என்றார். பிறகு நான் சொன்னது அவருக்கு மெதுவாக ஏறியது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஏறியது. என் கையை விடாமல், “இன்னைக்கா குடுத்தாவ,” என்று கேட்டார்.

இன்றைக்கு வியாழக்கிழமை. நான் திடுக்கிட்டிருக்க வேண்டும், ஐயோ நாளை மறந்துபோனேனே என்று தலையில் கை வைத்திருக்க வேண்டும், ஊர் ஊராகச் சுற்றினால் நாள் கிழமை யாருக்குத் தெரிகிறது, தினமும் பூசை, தினமும் ஞாயிற்றுக்கிழமை மாதிரிதானே, எல்லோரும் ஒத்துக்கொள்வார்கள். டீச்சரே அந்தச் சமாதானத்தை எனக்குத் தர ஆயத்தமாகத்தான் நின்றார், “அலைச்சல்ல கெழம மறந்துரும் தம்பி,” என்று முணுமுணுத்தார். ஆனால் எனக்குத் திடுக்கென்று ஒன்றும் வரவில்லை. ஏனென்றால் அந்தப் பதினான்கு விநாடியைக் கேட்பதற்குப் போனை எடுத்தபோதெல்லாம், பஸ்ஸில் நாலு தடவை, இங்கே மூன்று தடவை, நேரத்துக்குக் கீழே கிழமையும் தேதியும் எழுதித்தான் இருந்தது. கேமராவிலும் இருக்கிறது, அதன் கடிகாரத்தை நான் இந்த ஊருக்கு மாற்றவே இல்லை, ஒவ்வொரு படத்தின் மேலும் வீட்டு நேரமும் வீட்டுத் தேதியும் விழுந்துகொண்டே இருக்கின்றன. எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரிந்தவன்தான் நான். வியாழன் என்று பார்த்தேன், பார்த்துவிட்டு வெள்ளி என்று நினைத்துக்கொண்டேன். அந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு முடி அளவு இடம் இருந்தது, அங்கேதான் காலையிலிருந்து உட்கார்ந்திருந்தேன். டீச்சர் ஃபாதரைக் கூப்பிட்டார். அவர் வந்தார், என் முகத்தைப் பார்த்தார், தன் போனை எடுத்து நம்பரைப் போடுங்க என்று நீட்டினார், அவருக்கு இந்த ஊர் சிம் இருக்கிறது. என் பெண்டாட்டியின் நம்பர் எனக்கு மனப்பாடம், அந்த ஒன்றுதான் மனப்பாடம். கதவுப் பக்கம் போய்த் தூணுக்கும் சுவருக்கும் நடுவில் நின்றேன். கல் சில்லென்றிருந்தது, அதில் தோளைச் சாய்த்துக்கொண்டேன். மணி நாலைந்து தடவை அடித்தது, எடுக்காமல் இருந்தால் நல்லது என்று நினைத்தேன், நினைத்ததை நானே கேட்டேன்.

எஸ்கலின் எடுத்தாள். யாரு என்று கேட்டாள். நான் என்றேன், பின்னால் ஜெபமாலை சொல்கிற பெண்களின் குரல் ஏற்றமும் இறக்கமுமாகக் கேட்டது.

“அக்கா எப்படி இருக்கா,” என்றேன்.

“இருக்கா அத்தான். மூச்சுதான் இழுக்கு. பத்து மணிக்கு மேல கண்ணத் தொறக்கல.” பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு வேறு அறைக்கு நடந்தாள், கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. “காலையில அவளேதான் சாமியாரக் கூப்பிடச் சொன்னா. அவஸ்தை பூசி முடிஞ்சதும் ஒங்களுக்குச் சொல்லணும்னேன். அப்பதான் என்னப் பக்கத்துல கூப்புட்டா. அவஸ்தைன்னு சொல்லாத, நன்மை குடுத்தாவன்னு மட்டும் சொல்லு, அவுக முதல் வெள்ளின்னு நெனச்சுக்கிடுவாவ, அவுகளுக்கு அப்படி நெனைக்கத்தான் பிரியமா இருக்கும்னா. நான் அவ சொன்னதத்தான் சொன்னேன் அத்தான், எம் மேல கோவப்படாதீய. நீங்க சரின்னு கட்டவெரல் படம் அனுப்புனீயல்லா, அதையும் அவகிட்ட காட்டுனேன்.”

“என்ன சொன்னா.”

“சிரிச்சா.”

நான் தூணைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கறுப்பு, வெள்ளை, கறுப்பு. கேமரா கழுத்தில் கனத்தது. பெரிய கதவு திறந்து யாரோ உள்ளே வந்தார்கள், வெயில் ஒரு பாய் அகலத்துக்குத் தரையில் விழுந்து மறைந்தது.

“அத்தான், முதல் வெள்ளின்னு நெனச்சீயளா?”

அவள் குற்றம் சாட்டவில்லை. அவளுக்குத் தெரிய வேண்டியிருந்தது, அக்கா சொல்லிக்கொடுத்ததைச் சரியாகச் செய்தோமா என்று.

“ஆமா,” என்றேன்.

“அப்பாடி,” என்றாள், அழத் தொடங்கினாள். கொஞ்சம் அழுதுவிட்டு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “நர்ஸம்மா காது மட்டும் கடைசி வரைக்கும் கேக்கும்னு சொல்லுதாவ. காதுல வைக்கேன், ஏதாவது பேசுங்க. நாங்க வெளிய நிக்கோம்,” என்றாள். நடக்கிற சத்தம். ஜெபமாலை நின்றது. பெண்கள் எழுந்து போகிற சத்தம், வளையல் சத்தம், ஒரு இருமல். பிறகு ஒன்றுமில்லை. பிறகு அவளுடைய மூச்சு வந்தது. கரகரவென்று உள்ளே போய், நின்று, வெளியே வந்தது. இருபத்தாறு வருஷம் பக்கத்தில் படுத்திருந்தவன், இது அவள் மூச்சுதான் என்று சொல்ல எனக்கு அடையாளம் தெரியவில்லை. அடுத்தது வர நேரமெடுத்தது. இவ்வளவு பெரிய கோயிலில் தலைக்கு மேல் ஒரு ஃபேன்கூட இல்லை, பார்த்துக்கொண்டு பேச. கண்ணை மூடிக்கொண்டேன். நான் வந்துகொண்டிருக்கிறேன் என்று சொல்லலாம், அது பொய். ஆண்டவர் இருக்கிறார் என்று சொல்லலாம், அது எஸ்கலின் சொல்லியிருப்பாள். இன்னொரு மூச்சு உள்ளே போனது.

“அமலி,” என்றேன். “இன்னைக்கு வியாழக்கிழமைன்னு எனக்குக் காலையிலேயே தெரியும்.”